அம்மாவின் பாட்டு என் பாட்டானது எப்படி?

[காட்சி: நாவலடிக் கடற்கரை, பொழுது சாய்ந்த நேரம். ஒலி: தூரத்தில் ஒரு கோயில் ஒலிபெருக்கி. சொல் விளங்கவில்லை.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். சொல் விளங்காது, மெட்டும் பாதிதான் வருகிறது. ஆனாலும் மட்டக்களப்பில் என் வயதில் வளர்ந்த ஒருவர் இதைக் கேட்டால், போகிற சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிவிடுவார். எனக்கு எட்டு வயது திரும்பி வந்துவிடும். முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா. தென்னோலைக்கு மேலே நிலவு. வாவிக்கு அக்கரையில் கண்ணகை அம்மன் கோயிலில் குளுத்தித் திருவிழா. அங்கிருந்து ரி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடுவது காற்றோடு வந்து வந்து போகிறது.

நெடுநாளாக என்னைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பாட்டு 1960களில் வந்தது. நான் பிறந்தது 1980இல். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைத்தெரு முழுக்க இளையராஜா. அந்தப் பாட்டுகளும் எனக்கு உயிர்தான். ஆனால் என் பிள்ளைப் பருவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைப்பது நான் பிறக்கும் முன்னர் வந்த பாட்டு. அம்மா குமரியாக இருந்தபோது கேட்ட பாட்டு. அது எப்படி என்னுடையதானது?

[காட்சி: தோலுறை போட்ட பழைய வானொலிப் பெட்டி, அலைவரிசைமுள் நகர்கிறது.]

முதலில் வானொலியிலிருந்து தொடங்குவோம். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. 1967 ஜனவரி 5இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகப் பெயர் மாறியது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கடைசிவரைக்கும் "சிலோன் ரேடியோ"தான்.

அந்த வானொலிக்குத் திரைப்பாடலில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்கு இந்தியாவில் எடுத்த ஒரு முடிவும் காரணம். 1952இல் பி.வி. கேஸ்கர் அங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல் மக்களின் இசை ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. 1957 ஒக்ரோபர் 3இல் அகில இந்திய வானொலியே விவித் பாரதி என்ற திரைப்பாடல் சேவையைத் தொடங்கும் வரை அந்த இடைவெளியைக் கொழும்பின் வர்த்தக சேவை நிரப்பியது. இந்தியாவிலிருந்து இசைத்தட்டுகள் கொழும்புக்கு வந்தன, கொழும்பிலிருந்து பாட்டு இந்தியாவுக்குப் போனது. அந்த அலை போகிற வழியில் எங்கள் முற்றமும் இருந்தது.

வர்த்தக சேவைக்குப் புதுப்பாட்டு, பழைய பாட்டு என்ற பேதம் குறைவு. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி தொடங்கினால், இருபது வருடத்துக்கு முந்திய பாட்டும் நேற்று வந்த பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் எங்கள் வீட்டு ஆட்களின் குரல்கள் மாதிரிப் பழகிப்போயிருந்தன. ஒரு பாட்டைத் தாண்டிப்போக வழியில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அது முடியும் வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். அம்மா இடியப்பம் பிழிகிற நேரத்துக்கு ஒரு பாட்டு, நான் கிணற்றடியில் பல் விளக்குகிற நேரத்துக்கு ஒரு பாட்டு. மனனம் செய்ய யாரும் சொல்லவில்லை. நாளும் பொழுதும் விழுந்த துளி பாறையில் குழி பறித்ததுதான்.

[காட்சி: வரைபடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய நாவலடி.]

இனி அந்தக் கோயில் பாட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

குளுத்தி வைகாசியில் வரும். கோயிலில் கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரை படிக்கிற நேரம் போக, இடைவெளியில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். தென்னை உச்சியில் கட்டிய புனல் வடிவ ஸ்பீக்கர். பகலில் அக்கரைப் பாட்டு எங்களுக்குக் கேட்காது. பொழுது பட்டால், பக்கத்து வளவில் பாடுகிற மாதிரிக் கேட்கும். சின்ன வயதில் நான் அதைக் கண்ணகை அம்மாளின் புதுமை, அற்புதம் என்றே நம்பினேன். அம்மம்மாவும் அப்படித்தான் சொல்வா.

வைகாசி என்றால் கச்சான் காற்றுக் காலம். கச்சான் தரைப்பக்கமிருந்து, மேற்கிலிருந்து வீசும். பகல் முழுக்க வயலிலும் வெட்டையிலும் சுட்ட அந்தக் காற்று மாலையில் வாவிக்கு மேலால் வரும்போது, நீரை ஒட்டிய அடுக்கு குளிர்ந்துவிடும். மேலடுக்கில் சூடு அப்படியே நிற்கும். ஒலி சூடான காற்றில் விரைவாகவும் குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாகவும் போகிறது. 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீற்றர், 30 பாகையில் ஏறக்குறைய 349 மீற்றர். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் மேலே போகிற ஒலியலையின் உச்சி முந்திக்கொள்ள, அடி பிந்துகிறது. அதனால் அலை முழுவதும் கவிழ்ந்து நீர்ப்பக்கம் வளைகிறது. வானத்துக்குப் போய்த் தொலைந்திருக்க வேண்டிய பாட்டு மறுகரையில் வந்து இறங்குகிறது. காற்றும் நம் பக்கமே வீசுகிறது, அதுவும் ஒலியைக் கீழே வளைக்கும். போதாததற்கு, அலையில்லாத நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாமல் தெறிக்கவிடும். மரமும் வீடும் மறிக்கிற தரையில் இதெல்லாம் நடக்காது.

விளக்கம் தெரிந்த பிறகும் எனக்கு அது அம்மாளின் புதுமைதான்.

அந்த ஸ்பீக்கருக்கும் ஒரு குணம் உண்டு. புனல் வடிவத்தால் சின்ன அதிர்வும் பெரிய சத்தமாக வெளியே வரும். ஆனால் ஆழ்ந்த ஒலியும் மிக மெல்லிய உச்ச ஒலியும் அதில் வராது. நடுப்பகுதி மட்டும் வரும். மனிதக் குரலின் சொற்கள் தங்கியிருப்பது அந்த நடுப்பகுதியில்தான். அதனால் தபேலா காணாமல் போகும், வயலின் மங்கிப்போகும், பாடுகிறவரின் குரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். மத்திய அலை வானொலியும் கிட்டத்தட்ட அப்படியேதான் ஒலிக்கும்.

இதனால்தான், அதே பாட்டைச் சுத்தப்படுத்தித் துல்லியமான ஒலியில் இன்று போட்டால் எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் முற்றம் வராது. எண்டல் ரல்விங், டொனால்ட் தொம்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் எழுதிய விளக்கம் ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. ஒரு விஷயம் மனதில் பதிகிறபோது கூட என்னென்ன இருந்ததோ, அவையும் சேர்ந்தே பதிகின்றன. திரும்ப எடுக்கும்போது அந்தக் கூட்டாளிகள் இருந்தால்தான் பூட்டு இலகுவாகத் திறக்கும். என் மனதில் பதிந்தது இசைத்தட்டில் இருந்த பாட்டு மட்டும் இல்லை. வாவி வடிகட்டி, கச்சான் ஏற்றி இறக்கி அனுப்பிய பாட்டு.

[காட்சி: வெயிலில் கிடக்கும் நான்கு பெற்றரிகள். பக்கத்தில் ஒரு கசற்.]

1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு கரண்டை நம்பியிருக்க ஏலாத காலம் வந்தது. பெற்றரி கிடைப்பதும் கஷ்டம். உயிர் போன பெற்றரியை மதிலில் வரிசையாக வெயிலில் வைப்போம். சூடு ஏறினால் உள்ளே நடக்கிற இரசாயன மாற்றம் கொஞ்சம் விரைவாகும், இன்னும் சில பாட்டுக்குத் தாங்கும். அந்தச் சில பாட்டும் தாங்காமல் நடுவழியில் சோரும்போது கசற்றின் ஓட்டம் மெதுவாகி, சௌந்தரராஜனின் குரல் இன்னும் கனத்து, இழுபட்டு, கடைசியில் நிற்கும். நின்ற இடத்திலிருந்து அம்மா பாடி முடிப்பா.

அந்தக் கசற் ரவுணில் ஒரு ரெக்கோடிங் பாரில் பதிந்தது. அப்போதெல்லாம் வெறுங் கசற்றையும் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு கிழமை கழித்துப் போய் எடுக்கலாம். பட்டியலை எழுதியது நான். சொன்னது அம்மா. இந்தக் கசற்றை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வருவேன்.

[காட்சி: மூளையின் எளிய வரைபடம், நெற்றிக்குப் பின்பகுதி ஒளிர்கிறது.]

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஜனாற்றா 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாட்டைக் கேட்டுச் சொந்த வாழ்வின் நினைவு எழுகிறபோது, நெற்றிக்கு நேர் பின்னால் நடுவில் இருக்கிற மூளைப்பகுதி வேலை செய்கிறது என்று அதில் காட்டினார். "நான்" என்கிற உணர்வோடு தொடர்புடைய பகுதி அது. மறதிநோயில் ஒப்பீட்டளவில் பிந்தித்தான் அது சிதைகிறது என்பதால், பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள் பாட்டை மறக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார்.

என் கேள்விக்கு நேரே பதில் சொன்னது 2013இல் வந்த இன்னோர் ஆய்வு. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹான்சல், ஜஸ்ரின் ஸப்னிக்கோடு சேர்ந்து செய்தது. ஏறக்குறைய 20 வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். மாணவர்களின் நினைவும் விருப்பமும் அவர்களுடைய காலத்துப் பாட்டில் மிகுந்திருந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் தனியாக ஒரு மேடு எழுந்து நின்றது. அது அவர்களுடைய அப்பா அம்மா இளவட்டமாக இருந்த காலம்.

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு ஆளோடு ஒட்டிவிடுகிறது. அந்த ஆள் பிற்பாடு அம்மாவாகி, சமைக்கும்போது அதையே பாடுகிறா. மடியில் கிடக்கிற பிள்ளைக்கு அது முதற்பாட்டாகிறது. எங்கள் ஊரில் வீடு தாய்வழியாகப் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளையான எனக்கு அம்மாவிடமிருந்து வந்த சீதனம் பாட்டுத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

[காட்சி: கடற்கரை. கிணற்றுக் கட்டு ஒன்று. சத்தம் இல்லை.]

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நாவலடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அன்று காலை நாங்கள் ஊரில் இல்லை, அதனால் இருக்கிறோம். திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டும் அத்திவாரமும் கிடந்தன. அல்பம் இல்லை. அம்மாவின் கல்யாணப் படம் இல்லை. ரேடியோவும் கசற்றும் எந்தத் திசையில் போயின என்றுகூடத் தெரியாது.

போன வைகாசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டேன். குளுத்தி இரவைச் சொல்வா, பாயைச் சொல்வா என்று காத்திருந்தேன்.

"அம்மா, இது எங்க கேட்ட பாட்டு? ஞாபகம் இருக்கா?"

"இதா? படுவான்கரையில, எங்கட வாடியில. அப்பாட வட்டையில சூடு மிதிக்கிற நேரம். நிலவு. அண்ணன் ரேடியோவக் களத்தில கொண்டந்து வெச்சிருந்தார். எருமை சுத்திச் சுத்தி வருது, இந்தப் பாட்டுப் படிக்குது. மறுகா அண்ணன் என்னப் பாத்து, சத்தத்தக் கூட்டு புள்ள எண்டார்."

வாவிக்கு மேற்கே, வயல்பக்கத்தில் எருமை கட்டி நெல் மிதித்த அந்தக் களத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த மாமாவையும் படத்தில்தான் பார்த்திருந்தேன், அந்தப் படமும் போய்விட்டது. ஒரே பாட்டு, எனக்குக் காட்டியது அம்மாவை. அம்மாவுக்குக் காட்டியது, பதினாலு வயதில் அவவின் அண்ணனை.

பாட்டு முடிந்தது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாகவேண்டும். 2009இல் அம்பர் லீவரும் கூட்டாளிகளும் செய்தது. நன்றாகப் பழகிய இசைவட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் வருகிற மௌனத்தில், கேட்பவரின் மூளை சும்மா இருப்பதில்லை. வரப்போகிற பாட்டை அது முன்கூட்டியே உள்ளுக்குள் தொடங்கிவிடுகிறது.

கைபேசியில் அடுத்ததாக எந்தப் பாட்டும் இல்லை. நான் ஒன்றைத்தான் போட்டிருந்தேன். நாலைந்து நொடி போயிருக்கும். அம்மா வாவியைப் பார்த்தபடி மெல்ல வேறொரு பாட்டைத் தொடங்கினா. வேறு படம், வேறு குரல், வேறு மெட்டு.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அது அந்தக் கசற்றின் முதல் பக்கத்தில் அடுத்து வருகிற பாட்டு. தாளில் மூன்றாவதாக நான் எழுதிய வரி.

"என்ன மனே, நிண்டு பாக்கிறா? நீயும் படி."

[ஒலி: அம்மாவின் குரல். பிறகு இரண்டு குரல்கள். திரை மெல்ல இருளுகிறது, பாட்டு நிற்கவில்லை.]