‘பொறுத்துப் போ’ என்று சொல்லாத பணியிடம்: மனக்காயத்தை அறிந்து நடப்பது எப்படி?

(காட்சி: கருந்திரையில் வெள்ளை எழுத்துகள். பின்னணி இசை இல்லை.)

வணக்கம். இந்த வீடியோவில் சுனாமி, ஒரு கொலை, பணியிடப் பாலியல் வன்முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். அவை எதுவும் காட்சியாகக் காட்டப்படாது. ஆனாலும் இப்போது கேட்க மனம் ஒப்பவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் பார்க்கலாம். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற, இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த அறிவிப்பை முதலில் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

(காட்சி: தையல் எந்திரங்களின் நீண்ட வரிசை. மனித முகங்கள் இல்லை, கைகள் மட்டும்.)

ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தையல் லைனை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்பது பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. டார்கெட் பின்தங்கியதைப் பார்த்த சூப்பர்வைசர், பின்பக்கமாக வந்து மேசையை ஓங்கி அடித்து, “இங்க என்ன தூங்கவா வந்தீங்க?” என்று கத்துகிறார். வரிசையில் இருப்பவர்கள் திடுக்கிட்டு, மறுகணமே வேலைக்குத் திரும்புகிறார்கள். ஒருவரால் மட்டும் திரும்ப முடியவில்லை. விரல் நடுங்குகிறது, ஊசிக்கு அடியில் துணி கோணுகிறது, அடுத்த பீஸும் தப்பாகிறது, செக்கிங்கில் இருந்து திரும்பி வருகிறது, அதற்கு இன்னொரு திட்டு விழுகிறது. இரவில் குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கிற கணவருடன் வாழ்ந்தவர் அவர். மேசையில் விழுந்த அடி அவருக்கு மேசையில் விழுந்த அடியாக மட்டும் கேட்கவில்லை.

சூப்பர்வைசருக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. தன் கதையை யாரிடமும் சொல்லாமலேயே அந்தப் பெண் அச்சமின்றி வேலை செய்யும்படி அந்த லைனை நடத்த முடியுமா என்பதே நம் கேள்வி. மனக்காயம் அறிந்த அணுகுமுறை என்று நிபுணர்கள் சொல்வது இதைத்தான்.

(காட்சி: மூளையின் எளிய கோட்டோவியம்.)

ஆங்கிலத்தில் டிராமா என்று சொல்லப்படுவதை நாம் மனக்காயம் என்கிறோம். ஈழத்து உளநல மருத்துவர்கள் மனவடு என்று எழுதுகிறார்கள். ஆபத்து நேரும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதி அபாய மணியை அடிக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன; ஓடவோ எதிர்க்கவோ உறைந்து நிற்கவோ உடல் தயாராகிறது. பெரும்பாலான நிகழ்வுகளில் ஆபத்து நீங்கியதும் இந்த மணி ஓய்ந்துவிடும். ஆனால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிய அல்லது திரும்பத் திரும்ப நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, சிலருக்கு அந்த நினைவு ‘முடிந்துபோன ஒன்று’ என்ற இடத்தில் போய் அமர்வதில்லை. ஒரு சத்தமோ வாசனையோ தொனியோ போதும், உடல் மீண்டும் அந்த நாளுக்கே போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவாகவும் முன்கோபமாகவும் ‘சொன்னால் கேட்காத தன்மை’யாகவும் தெரிகிறது. ‘இவளுக்கு என்ன கோளாறு?’ என்று கேட்பதை விட்டு, ‘இவளுக்கு என்ன நேர்ந்திருக்கும்?’ என்று எண்ணத் தொடங்கும் மேலாளர், ஒரு பயிற்சி வகுப்புக்கும் போகாமலேயே பாதி தூரம் கடந்துவிடுகிறார்.

யாருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாதபோது என்ன செய்வது? அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் குழந்தைப் பருவத் துன்பங்கள் பற்றி ஓர் ஆய்வு நடந்தது; அதன் முதல் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. அவர்கள் பெரும்பாலும் படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். ஆனாலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அடி, பாலியல் கொடுமை, குடும்பத்தில் குடி போன்றவற்றில் ஒன்றையாவது சிறு வயதில் சந்தித்திருந்தார்கள். ஆகவே காயம்பட்டவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை தேவையில்லை, கண்ணியமும் இல்லை. எந்த ரத்தத்தில் தொற்று இருக்கிறது என்று தெரியாததால் செவிலியர் எல்லோருக்கும் கையுறை அணிந்தே ரத்தம் எடுக்கிறார் அல்லவா, அதுபோல எல்லோரிடமும் ஒரே கவனத்துடன் நடந்துகொள்வதே வழி.

(காட்சி: கடற்கரை. அமைதியான அலை. ஒலி குறைவு.)

இனி நாகப்பட்டினத்துக்குப் போவோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கே நாளில், டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்று மத்திய அரசிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் மறுபடியும் ஓடினார்கள். அலை வரவில்லை. எச்சரித்தவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் எங்கிருந்து, எவ்வளவு உறுதியாக, எந்த நேரத்துக்குள், எந்த இடம் வரைக்கும் என்ற விவரங்கள் இல்லாத ஒரு தகவல், ஏற்கெனவே காயப்பட்ட மக்களை என்ன செய்யும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. நல்லெண்ணம் உள்ள அமைப்பும் மறுபடி காயப்படுத்தலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் அலுவலகங்களில் ‘நாளை காலை அனைவரும் மீட்டிங்குக்கு வரவும்’ என்று காரணம் சொல்லாமல் இரவு 10 மணிக்கு வரும் ஒரு வரிச் செய்தியும் இதே வகையைச் சேர்ந்தது.

(காட்சி: ‘பாதுகாப்பு’, ‘தெரிவு’ என்ற இரு சொற்கள் மட்டும் திரையில்.)

அமெரிக்க அரசின் மனநல நிறுவனமான சாம்சா 2014-இல் இந்த அணுகுமுறைக்கு ஆறு கோட்பாடுகளை வகுத்தது. பாதுகாப்பு, வெளிப்படையான நடத்தையால் வரும் நம்பிக்கை, ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை, மேல்-கீழ் இல்லாத கூட்டுழைப்பு, குரலும் தெரிவும், பண்பாடும் பாலினமும் வரலாறும் பற்றிய கவனம் ஆகியவையே அவை. எல்லாமே முக்கியம்; ஆனால் பல இடங்களில் முதலில் தொலைந்துபோவது தெரிவு என்றே நான் நினைக்கிறேன். மனக்காயத்தின் அடியில் இருப்பது ‘என் கையில் எதுவுமே இல்லை’ என்ற அனுபவம். அதற்கு மருந்தாக, சிறியதோ பெரியதோ, ஒன்றையாவது அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் வந்த அறிவிப்பின் காரணம் அதுதான்: பார்ப்பதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய தொழிற்சாலையில், மனநலம் பற்றி மாதம் ஒரு சொற்பொழிவு நடத்துவதால் பயன் மிகக் குறைவு. நாள் முழுவதும் நின்றே வேலை செய்த துணிக்கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியதே, அதை நான் மனநல நடவடிக்கையாகவும் பார்க்கிறேன். தன் உடலை எப்போது நிறுத்துவது, எப்போது அமர்த்துவது என்பதில் ஒரு சிறு பங்கு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. விபத்தோ தற்கொலையோ நடந்த பணியிடங்களில், மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் பழக்கம் உண்டு. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம். அதற்கு மாற்றாக 2011-இல் வந்த உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பாருங்கள், கேளுங்கள், இணையுங்கள். யாருக்கு உடனடித் தேவை என்று பார்ப்பது, பேச விரும்புகிறவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, சாப்பாடு, போக்குவரத்து, குடும்பத்தினர், மருத்துவர் என்று அவருக்குத் தேவையானவற்றோடு இணைத்துவிடுவது. பேச விரும்பாதவரைப் பேசவைக்க முயல வேண்டாம்.

(காட்சி: திண்டுக்கல் வரைபடம். பின்னர் மீண்டும் தையல் எந்திரங்கள்.)

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஆடை ஏற்றுமதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். டி.டி.சி.யூ. என்ற, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் பணியிடப் பாலியல் வன்முறைக்கு எதிராக ஓராண்டுக்கும் மேலாகப் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், அதனுடன் நின்ற தொழிலாளர் அமைப்புகளும், நிறுவனமும், அதனிடம் ஆடை வாங்கிய பன்னாட்டு பிராண்டும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடுகளில் கையெழுத்திட்டன. இன்று அவை திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அறியப்படுகின்றன. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள்.

அதன் உள்ளடக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். லைனில் யாராவது கத்தினாலோ தொட்டாலோ சாதியைச் சொல்லித் திட்டினாலோ, பாதிக்கப்பட்டவர் தனியாக ஹெச்.ஆர். அறையின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பக்கத்து எந்திரத்தில் இருக்கும் சக தொழிலாளியிடம் சொல்லலாம். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது விதியானது. சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி உண்டு. ஒப்பந்தம் மீறப்பட்டால் பிராண்டு தன் ஆர்டர்கள் வழியாக அழுத்தம் கொடுக்க வேண்டும். மனக்காயம் என்ற சொல்லை முன்னிறுத்தி எழுந்த ஒப்பந்தம் அல்ல இது. ஆனால் சாம்சாவின் ஆறு கோட்பாடுகளும் இதில் நடைமுறையாக இருக்கின்றன. குறிப்பாக ஒத்தவர் துணை என்பதற்கு, அடுத்த எந்திரத்தில் அமர்ந்திருக்கும் அந்தக் கண்காணிப்பாளரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

(காட்சி: ஹவாய்த் தீவு ஒன்றின் கோட்டோவியம்.)

மீண்டெழும் திறன் என்ற சொல்லைப் பற்றி ஒரு கவலை உண்டு. நம் ஊரில் அதை எளிதாகப் ‘பொறுத்துப் போ’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பெண்களுக்கும் தினக்கூலிகளுக்கும் அந்த அறிவுரை கொஞ்சமாகவா கிடைத்திருக்கிறது? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் மிகுந்த சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல முறையில் வளர்ந்து நின்றார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, பாட்டியோ ஆசிரியரோ அக்கம்பக்கத்தவரோ, கைவிடாத ஒரு பெரியவரின் துணை. அதாவது, தாங்கும் வலிமையில் பெரும்பங்கு ஒருவரைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்து வருகிறது.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதையே சமூக அளவில் எழுதினார். போரும் சுனாமியும் தனி மனிதர்களை மட்டும் உடைக்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கத்தையும் ஊரின் சடங்குகளையும் சேர்த்தே உடைத்தன, ஆகவே மருந்தும் சமூகத்துக்கே தரப்பட வேண்டும் என்பது அவர் வாதம். உடல் கிடைக்காதவருக்கு எப்படிக் காரியம் செய்வது? காணாமல் போனவரின் மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? இந்தக் கேள்விகளுக்கு மாத்திரையில் பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்களும் கோயிலும் தேவாலயமும் பெண்கள் குழுவும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடிக்கும்போதுதான் அந்தக் குடும்பம் மூச்சுவிடுகிறது.

(காட்சி: சுவர்க் காலண்டர். டிசம்பர் மாதப் பக்கம்.)

தமிழகக் கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் நாளும் மீனவர்கள் பலர் கடலுக்குப் போவதில்லை. பாலும் பூவும் கடலில் விட்டு இறந்தவர்களை நினைக்கிறார்கள். அந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வேலைக்கு வரும் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையின் மேலாளர், அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையைப் போட உட்காரும்போது அந்தத் தேதியை முதலில் வட்டமிடலாம். தீயணைப்பு ஒத்திகையின் சைரனை வேறு நாளுக்கு மாற்றலாம். அன்று விடுப்பு வேண்டும் என்பவரிடம் காரணம் கேட்காமல் கையெழுத்திடலாம். வேலைக்கு வர விரும்புகிறவருக்குக் காலையில் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்க அனுமதி தரலாம். இவற்றில் எதைச் செய்வது என்று ஆலையில் வேலை செய்பவர்களிடமே கேட்டுவிட்டு, பிறகு அட்டவணையை ஒட்டலாம்.