லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? முதலில் அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்கள்

[திரையில்: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப். படம் நகர்கிறது, சத்தம் இல்லை.]

வணக்கம். நேற்று ராத்திரி வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த லேப்டாப் இன்று காலையில் ஊமையாக நிற்கிறது. வால்யூம் நூறில் இருக்கிறது, ஒரு முனகல்கூட இல்லை. இந்த நிலைமையில் நிறையப் பேர் முதல் வேலையாக டிரைவரை, அதாவது ஒலிக் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, தூக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். தயவுசெய்து அதை இப்போது செய்யாதீர்கள். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் நின்றுகொண்டு மண்ணைக் கொத்த மாட்டோம் இல்லையா, வாய்க்கால் கரையோடு நடந்து போய் எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் பார்ப்போம். சத்தமும் அப்படித்தான் வருகிறது. பாடுகிற ஆப்பில் கிளம்பி, ஒவ்வொரு ஆப்பின் சத்த அளவையும் கவனிக்கும் விண்டோஸின் மிக்சர், டிரைவர், போர்டில் இருக்கும் ஆடியோ சிப், ஹெட்போன் ஜாக் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருகிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். 10 வைத்திருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான், மெனுக்களும் குறுக்குவழி விசைகளும் கொஞ்சம் மாறியிருக்கும்.

மியூட் பட்டனைப் பாருங்கள். பல லேப்டாப்பில் அந்த விசையிலேயே ஒரு குட்டி விளக்கு இருக்கும், எரிந்தால் மியூட். பிரவுசரில் அந்த டேப் மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இது அரை நிமிட வேலை, முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

[திரையில்: விண்டோஸ், கன்ட்ரோல், வி மூன்று விசைகளும் சேர்த்து அழுத்தப்படுகின்றன. ஒலி வெளியேறும் கருவிகளின் பட்டியல் திறக்கிறது.]

விண்டோஸ் விசை, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சத்தம் இப்போது எந்தக் கருவிக்குப் போகிறது என்று இந்தப் பட்டியல் சொல்லும். பீரோவுக்குள் இருக்கிற புளூடூத் இயர்பட்ஸ் மூடி சரியாக மூடாமல் இணைந்துகொண்டிருக்கலாம், பாட்டு அங்கே பாடிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு மானிட்டரை மாட்டியிருப்பீர்கள், அதில் ஸ்பீக்கரே இருக்காது, ஆனாலும் விண்டோஸ் சத்தத்தை அதற்குத் திருப்பிவிட்டிருக்கும். ஸ்பீக்கர்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சத்தம் வந்துவிட்டால் இத்தோடு விஷயம் முடிந்தது.

வரவில்லையா? சரி, இப்போதுதான் முக்கியமான இடம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அப்படியே கீழே இறங்கினால் மோர் சவுண்ட் செட்டிங்ஸ். ஒரு பழைய பாணிச் சின்ன ஜன்னல் திறக்கும். அதில் பிளேபேக் என்ற பக்கத்தில் இருங்கள். பின்னால் ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டு, பச்சை டிக் போட்டிருக்கும் கருவியின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். நிற்கிற வாக்கில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். பாட்டுக்கு ஏற்ற மாதிரி அதில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா?

ஏறினால், ஆப் நன்றாக இருக்கிறது, விண்டோஸும் சத்தத்தை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கப்புறம் எங்கேயோ அடைப்பு. ஏறவே இல்லை என்றால், அடைப்பு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இந்த ஒரு கோட்டைப் பார்க்காமல்தான் பலரும் நாள் முழுக்க லேப்டாப்போடு மல்லுக்கட்டுகிறார்கள்.

முதலில், கோடு ஏறுகிறது, ஆனால் சத்தம் இல்லை என்ற நிலைமை. ஒயர் வைத்த சாதாரண இயர்போன் ஒன்றைச் செருகிப் பாருங்கள். இயர்போனில் கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் எனக்கு உடனே சந்தேகம் வருவது அந்த ஜாக் மேல்தான்.

என் அக்கா பெண்ணுக்கு இதுதான் நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ, ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்கிறாள், "மாமா, சத்தமே வரல, கடையில காட்டினேன், போர்டு மாத்தணும்னு சொல்றாங்க" என்று. அதற்குள் டிரைவரை இரண்டு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டாள். வீடியோ காலில் அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னேன். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போன்ஸ் என்று எழுதியிருந்தது, ஆனால் லேப்டாப்பில் எதுவுமே செருகியிருக்கவில்லை. போன் டார்ச்சை அந்த ஓட்டைக்குள் அடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. லேப்டாப்பை முழுசாக அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல் குச்சியால் மெதுவாக ஓரமாக விட்டு இழுத்தாள். கல்லூரிப் பையின் உள்பக்கத் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு, ஒரு கடுகளவு உருண்டையாக வெளியே வந்தது. மறுபடி ஆன் செய்தாள், ஸ்பீக்கர்ஸ் என்று பெயர் மாறியது, சத்தம் வந்தது.

[திரையில்: ஹெட்போன் ஜாக்கின் குறுக்கு வெட்டுப் படம். உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு.]

இது ஏன் நடக்கிறது? அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் ஸ்பிரிங் மாதிரி வளையும் தகடுகள் இருக்கின்றன. நாம் பின்னைச் செருகும்போது தகடு நகரும், ஆடியோ சிப் அதை உணர்ந்துகொண்டு, ஹெட்போன் வந்துவிட்டது என்று ஸ்பீக்கரை நிறுத்திவிடும். உள்ளே பஞ்சோ தூசியோ ஈரமோ போய் அந்தத் தகட்டைத் தள்ளியபடி வைத்திருந்தால், அல்லது ரொம்ப நாள் இயர்போன் செருகிச் செருகித் தகடே பழைய நிலைக்குத் திரும்பாமல் போனால், சிப்பைப் பொறுத்தவரை ஹெட்போன் எப்போதும் செருகியே இருக்கிறது. எல்லா லேப்டாப்பிலும் பெயர் ஹெட்போன்ஸ் என்று மாறாது, சிலதில் கடைசி வரை ஸ்பீக்கர்ஸ் என்றே இருக்கும், அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இயர்போன் பின்னைப் பத்துத் தடவை செருகி எடுங்கள், சிக்கிய தகடு விடுபட அது பல நேரம் போதும். பல் குச்சி விட்டால் கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கு, குண்டூசி, ஹேர்பின் எதுவும் கூடவே கூடாது, உள்ளே இருக்கும் தகடு ஒடிந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

அடுத்து, கோடு ஏறவே இல்லை என்ற நிலைமை. வேறு ஒரு ஆப்பில் பாட்டு போட்டுப் பாருங்கள். அதில் கோடு ஏறினால் முதல் ஆப்தான் சரியில்லை; வால்யூம் மிக்சரைத் திறந்தால் அந்த ஆப்பின் அளவு மட்டும் பூஜ்யத்தில் கிடக்கலாம், அல்லது அது வேறு கருவிக்குத் திரும்பியிருக்கலாம். எதிலுமே ஏறவில்லையா, ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து விண்டோஸ் ஆடியோ, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று சொன்னால் "தினமும் ஷட்டவுன் செய்துதானே வைக்கிறேன்" என்று பதில் வரும். ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்படும், மறுநாள் விண்டோஸ் அதையே எடுத்து விரிக்கும். அப்படியென்றால் திங்கட்கிழமை மாட்டிக்கொண்ட ஆடியோ டிரைவர், நீங்கள் தினமும் அணைத்து வைத்தாலும் வெள்ளிக்கிழமை வரை மாட்டிக்கொண்டே இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகக் கிளம்பும்.

அப்புறம், கருவிகள் பட்டியலில் ஸ்பீக்கரே இல்லை, ஒலிக் கருவி எதுவும் இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது என்றால், முதலில் மின்சாரத்தை வடித்துப் பாருங்கள். ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். மாட்டிக்கொண்டிருந்த ஆடியோ சிப் இதில் எழுந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதிலும் வரவில்லை என்றால் இப்போது டிரைவருக்கு வரலாம். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் என்று இருக்கும்; அதில் சவுண்ட் என்று தொடங்கும் பகுதியில் ரியல்டெக் (பல லேப்டாப்பில் இருக்கும் ஆடியோ சிப்பின் நிறுவனம்) என்று இருக்கும் வரியை வலது கிளிக் செய்து, அப்டேட் டிரைவர், அதில் என் கணினியிலேயே தேடு, அப்புறம் பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வழியில் போனால், ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்று ஒன்று இருக்கும். அது விண்டோஸோடு வரும் பொதுவான டிரைவர். அதைப் போட்டதும் சத்தம் வந்தால் ரியல்டெக் டிரைவர்தான் கெட்டிருக்கிறது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற இன்னொரு அடுக்கு நடுவில் இருக்கிறது, சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் அதன்மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் சீரியல் நம்பரைப் போட்டு. எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்டேட் வந்த அன்றே சத்தம் போயிருந்தால் அதே டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் கொடுத்து, முந்தைய டிரைவருக்கே திரும்பிப் பாருங்கள். அப்டேட்டால் இது உண்மையிலேயே நடக்கிறது. 2024 டிசம்பரில் மைக்ரோசாப்டே சொன்னது: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏறியதும், டிராக் என்ற ஒலி மேம்படுத்தும் மென்பொருள் உள்ள சில கணினிகளில் ஸ்பீக்கரும் புளூடூத் ஹெட்செட்டும் வேலை செய்யாமல் போயின. அந்தக் கணினிகளுக்கு அந்தப் பதிப்பை அனுப்புவதையே நிறுத்தி வைத்தார்கள்.

[திரையில்: லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்12 அழுத்தப்படுகிறது.]

கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே ஸ்பீக்கரைச் சோதிக்க முடியும். டெல் லேப்டாப்பில் ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் போங்கள், எச்பியில் எஃப்2. அங்கே சத்தம் வந்தால் ஸ்பீக்கரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, மென்பொருளில்தான் கோளாறு. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. அதில் சத்தம் வந்தால் சந்தோஷம், ஆனால் வரவில்லை என்பதற்காக ஸ்பீக்கர் போச்சு என்று முடிவு செய்யாதீர்கள், சில புது லேப்டாப்களில் ஒலியைப் பெருக்கித் தரும் சிப்பை லினக்ஸுக்கு அடையாளம் தெரியாது.

கடைக்குப் போனால் வெறுமனே "சத்தம் வரல" என்று கொடுக்காதீர்கள். பச்சைக் கோடு ஏறுகிறது, இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். ஜாக் மாற்ற எவ்வளவு, ஸ்பீக்கர் மாற்ற எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். நாளைக்கே வகுப்போ இன்டர்வியூவோ இருந்தால், சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது, சின்ன விரல் அளவுதான் இருக்கும். அதைச் செருகி, அதில் இயர்போனை மாட்டி, முதலில் பார்த்தோமே அந்தப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், ரிப்பேர் ஆகிற வரை வேலை நிற்காது.