ஆசிரியரை நியமிப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய துறை எப்படி வருகிறது? கல்விக்குழு கூடும், தீர்மானம் போடும், நிதி ஒதுக்குவார்கள், பெயர்ப்பலகை ஏறும். அமெரிக்காவில் லத்தீனோ மக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், வரலாற்றையும் வாழ்வையும் படிக்கும் துறைகள் பெரும்பாலும் அப்படி வரவில்லை. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்ததால்தான் அவை வந்தன.

1848 வரை கலிபோர்னியா மெக்சிகோவின் மண். ஆனாலும் 1960களில் அங்கே படித்த மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பாடநூல்களில் அவர்களுடைய முன்னோர் இல்லை. பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் தண்டனைகூடக் கிடைத்தது. 1968 மார்ச் மாதம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளிநடப்புச் செய்தார்கள். 'சிக்கானோ' என்று தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொண்ட தலைமுறை அது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா மாநிலக் கல்லூரியில் மெக்சிக அமெரிக்கப் படிப்பு தொடங்கியது. 1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி ஒரு செயல்திட்டமே எழுதினார்கள். படிப்பு வளாகத்துக்குள் முடங்கக் கூடாது, தங்கள் குடியிருப்புகளோடு உறவு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிதறிக் கிடந்த மாணவர் சங்கங்கள் 'மெச்சா' என்ற ஒரே பெயரின்கீழ் வந்ததும் அங்கேதான்.

யு.சி.எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் 1969இல் ஒரு சிக்கானோ ஆய்வு மையம் அமைந்தது. பிறகு பட்டப்படிப்பும் வந்தது. அப்புறம் என்ன சண்டை என்று கேட்கலாம். சண்டை ஆசிரியர் நியமனத்தில்! துறை என்ற தகுதி இல்லாத படிப்புக்குச் சொந்த ஆசிரியர் கிடையாது. வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவரையும் சமூகவியலிலிருந்து ஒருவரையும் இரவல் வாங்க வேண்டும். அவர் விடுப்பில் போனாலும், அவருடைய துறை அவரை வேறு வகுப்புக்கு அனுப்பினாலும், இங்கே பாடம் நின்றுவிடும். பல்கலைக்கழக அரசியலில் கொள்கைப் பேச்சைவிட நியமன அதிகாரம்தான் பெரிது என்பது என் எண்ணம். துறைத் தகுதி கேட்ட யு.சி.எல்.ஏ. மாணவர்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

1993 ஏப்ரல் 23 அன்று பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் காலமானார். காந்தியைத் தம் முன்னோடியாகச் சொன்னவர். 1968இல் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தவர். ஏப்ரல் 29 அன்று அவருடைய இறுதி ஊர்வலம். அதற்கு முதல் நாள் பல்கலைக்கழகத்தின் சான்சலர் சார்ல்ஸ் யங் (நம் ஊர்த் துணைவேந்தர் பார்க்கும் வேலை அது) சிக்கானோ படிப்புக்குத் துறைத் தகுதி கிடையாது என்று அறிவித்தார். முடிவு கிடக்கட்டும், தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்!

மே மாதம் ஆசிரியர் மன்றத்துக்குள் நடந்த உள்ளிருப்புப் போராட்டம் கைதுகளில் முடிந்தது. அந்த மாதக் கடைசியில் மாணவர்கள் சிலரும் ஒரு பேராசிரியரும் நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே கூடாரம் அடித்து, வெறும் தண்ணீரோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நகரின் பழைய மெக்சிகப் பகுதியான ஒல்வேரா தெருவிலிருந்து ஆதரவாளர்கள் வளாகம்வரை நடந்தே வந்தார்கள். இருபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் அது.

14ஆம் நாள் உடன்பாடு வந்தது. துறை என்ற தகுதியை நிர்வாகம் அப்போதும் கொடுக்கவில்லை. சீசர் சாவேஸ் பெயரில் ஒரு மையம் அமைந்தது. ஆனால் அந்த மையத்துக்குச் சொந்த ஆசிரியர் பணியிடங்கள் கிடைத்தன. கேட்டதில் முக்கியமானது வந்துவிட்டது. முறையான துறைத் தகுதிக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே இன்னோர் அடி விழுந்தது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996இல் கலிபோர்னிய வாக்காளர்கள் 209ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். 1998இல் யு.சி.எல்.ஏ.விலும் அதன் சகோதர வளாகமான பெர்க்லியிலும் புதிதாகச் சேர்ந்த லத்தீனோ மாணவர் எண்ணிக்கை சரிந்தது. துறைக்காகப் போராடியவர்களின் தம்பி தங்கைகளுக்கு வாசலே குறுகிப்போனது.

இந்தச் சமூகத்தை நேரில் பார்க்க வேண்டுமானால், பல வளாகங்களில் மாணவர்களே தனியாக நடத்தும் பட்டமளிப்பு விழாவுக்குப் போக வேண்டும். கறுப்பு அங்கியின் மேல் மெக்சிகச் செராப்பே துணியில் நெய்த பல வண்ணப் பட்டை தொங்கும். சதுரத் தொப்பியின் உச்சியில் ஸ்பானிய மொழியில் அப்பா அம்மாவுக்கு நன்றி எழுதியிருப்பார்கள். மேடைக்கு மாணவி மட்டும் போவதில்லை; பாட்டி, தம்பி, கைக்குழந்தை எல்லாம் கூடவே ஏறும். பலருக்கு அதுதான் குடும்பத்தின் முதல் பட்டம். நிகழ்ச்சி நேரத்துக்கு முடியாது என்று ஏற்பாட்டாளர்களுக்கும் தெரியும்.

1980களின் உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்த எல் சால்வடார், குவாத்தமாலாக் குடும்பங்களின் பிள்ளைகள் பின்னாளில் இதே துறைக்குள் வந்தார்கள். எங்கள் கதை இதில் எங்கே என்று அவர்களும் கேட்டார்கள். இன்று யு.சி.எல்.ஏ. துறையின் பெயரில் சிக்கானோவோடு மத்திய அமெரிக்காவும் இருக்கிறது.

வணக்கம்.