கடனாளி சீசரும் கௌல் நாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

கி.மு. 61. ஸ்பெயினில் ஒரு மாகாணத்தை ஆளும் பதவி ஜூலியஸ் சீசருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ரோமை விட்டுக் கிளம்ப முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். பெரும் பணக்காரரான கிராசஸ் 830 தாலந்துக்கு ஜாமீன் நின்ற பிறகே வழி விட்டார்கள். வெள்ளி எடையில் அது 20 டன்னுக்கும் மேல்.

ரோமில் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஜெயிப்பதற்கு வாரி இறைக்க வேண்டும். கி.மு. 65இல் ஏடில் என்ற சிறு பதவியில் இருந்தபோதே 320 ஜோடி வாள்வீரர்களை மோதவிட்டு ஊரை மகிழ்வித்தவர் சீசர். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் இடம் மாகாணம். அதிலும் சீக்கிரம் எடுக்கப் போர்தான் வழி.

ஸ்பெயினில் வென்று கி.மு. 60இல் திரும்பியபோது ஒரு சிக்கல். வெற்றி ஊர்வலம் வேண்டுமென்றால் தளபதி நகர எல்லைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவிக்குத் தேர்தலில் நிற்கவோ நகருக்குள் நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். விதிவிலக்கு கேட்டார். கேட்டோ என்ற அவரது எதிரி பொழுது சாயும்வரை செனட்டில் பேசியே அதைக் கெடுத்தார். சீசர் ஊர்வலத்தை விட்டுக்கொடுத்துத் தேர்தலில் நின்றார். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து இதே விதிதான் மீண்டும் குறுக்கே வரும்.

கி.மு. 59இல் கான்சலாகிப் பலாத்காரமாகச் சட்டங்களை நிறைவேற்றினார். பதவி போன மறுநாளே வழக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். படைத்தலைமை கையில் இருக்கும்வரை வழக்குப் போட முடியாது. அதனால் வாட்டினியஸ் என்பவர் கொண்டுவந்த சட்டம் அவருக்கு வட இத்தாலியையும் அதற்குக் கிழக்கே அட்ரியாடிக் கடலோரமுள்ள இல்லிரிக்கத்தையும் ஐந்தாண்டுக்குத் தந்தது. ஆல்ப்ஸுக்கு அப்பாலுள்ள மாகாணத்தைச் செனட் சேர்த்தது. மொத்தம் நான்கு லெஜியன். லெஜியன் என்பது ரோமானியப் படைப்பிரிவு, ஏட்டில் ஐயாயிரம் பேர். களத்தில் பெரும்பாலும் அதற்கும் குறைவு.

இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பகுதிதான் அன்றைய கௌல். கி.மு. 58இல் ஹெல்வெட்டி மக்கள் ஊரையே காலி செய்துகொண்டு மேற்கே நகர்ந்தது சீசருக்குச் சாக்காயிற்று. அவர்கள் பாசறையில் கிடைத்த ஏடுகளின்படி 3,68,000 பேர் கிளம்பினார்கள். திரும்பியவர்கள் 1,10,000 பேர். இவை சீசரே எழுதிய எண்கள். தன் வெற்றியைத் தானே எழுதி ரோமுக்கு அனுப்பியவர் தரும் கணக்கைக் கொஞ்சம் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

செனட்டைக் கேட்காமலே ஆண்டுக்கு இரண்டாக நான்கு புதிய லெஜியன்களைத் திரட்டினார். முதலில் தம் செலவில், கி.மு. 56இல் அந்தச் சம்பளத்தையும் செனட்டே ஏற்றுக்கொண்டது. பணம் எங்கிருந்து? அதற்கு முந்தைய ஆண்டு அட்டுவாட்டுசி மக்களின் ஒரே கோட்டையில் 53,000 பேரை மொத்த ஏலத்தில் விற்றார். வணிகர்கள் படைக்குப் பின்னாலேயே வருவார்கள். கௌல் கோயில்களின் தங்கம் குவிந்ததில் இத்தாலியில் தங்க விலையே இறங்கியது.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. கி.மு. 54இல் விளைச்சல் குறைவு. ஒரே இடத்தில் அத்தனை படைக்கும் தானியம் கிடைக்காது என்று குளிர்காலப் பாசறைகளைப் பிரித்துப் போட்டார். தனியே இருந்த ஒரு பாசறையைக் கௌல் தலைவன் அம்பியோரிக்ஸ் பேச்சால் ஏமாற்றி வெளியே வரவழைத்தான். ஒன்றரை லெஜியன் அழிந்தது. வீரக் குறைவால் வந்த தோல்வி அல்ல, களஞ்சியத்தில் தொடங்கியது.

கி.மு. 52இல் கௌல் கிளர்ச்சித் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸ் இந்தத் தானியப் பலவீனத்தைத்தான் பிடித்துக்கொண்டார். நேருக்கு நேர் மோதாதீர்கள், தானியம் உள்ள ஊர்களை நாமே கொளுத்துவோம் என்றார். கெர்கோவியா என்ற மலைக்கோட்டையில் சீசர் கிட்டத்தட்ட 700 வீரர்களையும் 46 நூற்றுவர் தலைவர்களையும் இழந்து பின்வாங்கினார். ஆனால் அதன்பின் குதிரைப்படைச் சண்டையில் தோற்று, வெர்சிங்கெடோரிக்ஸ் அலேசியா மலைக்கோட்டைக்குள் புகுந்துகொண்டார். உள்ளே 80,000 பேர், 30 நாள் தானியம்.

சீசர் கோட்டை மீது ஏறவில்லை. மண்வெட்டியை எடுக்கச் சொன்னார். முதலில் 20 அடி அகலத்தில் செங்குத்தான அகழி. அதற்கு 400 அடி பின்னால், 15 அடி அகலத்தில் இரண்டு அகழிகள். உட்புற அகழியில் ஆற்றுநீர். அதன் பின் 12 அடி மண் அரண், 80 அடிக்கு ஒரு கோபுரம். ஆனால் பாதி ஆட்கள் மரம் வெட்டவும் தானியம் தேடவும் போய்விட, மிச்சமுள்ளவர்களால் காவல் காக்க முடியவில்லை. எனவே குறைந்த ஆளோடு காக்கும்படி முன்னால் பொறிகள் வைத்தார்: கூர்தீட்டிய கிளைகள் ஐந்து வரிசை, மூன்றடி ஆழக் குழியில் முளை நட்டுச் சருகால் மூடியது எட்டு வரிசை, அதற்கும் முன்னால் இரும்புக் கொக்கிகள். குழிகளுக்கு வீரர்கள் வைத்த பெயர் லில்லிப்பூ!

முற்றுகையை உடைக்கக் கௌல் உதவிப்படை வருமென்று தெரிந்ததால் இதே அமைப்பை வெளிப்புறம் பார்த்தும் கட்டினார். உள்வட்டம் 16 கிலோமீட்டர், வெளிவட்டம் 21. அகழாய்வில் இந்த அகழிகள் கிடைத்துள்ளன. ஆனால் எல்லா இடத்திலும் அவர் எழுதிய அளவில் இல்லை. வடமேற்குக் குன்று பெரிதாக இருந்ததால் வளைக்க முடியாமல் சரிவிலேயே ஒரு பாசறை நின்றது. உதவிப்படை சரியாக அங்கேதான் பாய்ந்தது. சீசரின் துணைத் தளபதி லாபியேனஸ் தாக்குப்பிடிக்க, ரோமானியக் குதிரைப்படை பின்புறமாகச் சுற்றி வந்து போரை முடித்தது. தானியம் மிச்சமாகட்டுமென்று கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களைச் சீசர் ஏற்கவில்லை. இரு படைகளுக்கும் நடுவே பட்டினி கிடந்தார்கள். சரணடைந்த வெர்சிங்கெடோரிக்ஸ் ஆறாண்டு சிறையில் கிடந்து, கி.மு. 46இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் நடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போது பழைய விதி. மறுபடி கான்சலாக நேரில் வந்தால் படைத்தலைமை போகும், வழக்கு வரும். வராமலே போட்டியிடலாம் என்று கி.மு. 52இல் தனிச்சட்டம் வாங்கியிருந்தார். கி.மு. 49 ஜனவரியில் செனட், படையைக் கலைக்காவிட்டால் பகைவன் என்றது. பெரும்பாலான படை அப்போது ஆல்ப்ஸுக்கு அப்பால். கையில் இருந்தது பதின்மூன்றாவது லெஜியன் மட்டும், எட்டாண்டு முன்பு செனட்டைக் கேட்காமல் திரட்டிய அதே லெஜியன். அதோடுதான் தம் மாகாணத்தின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்து இத்தாலிக்குள் நுழைந்தார்.