இலைச்சுருட்டுப் புழு வந்த வாரத்தில் அலுவலர் எங்கே?

[காட்சி: கட்டுமன்னார்கோவில் அருகே சம்பா வயல். நீளவாக்கில் மடிந்த நெல் இலை, உள்ளே வெள்ளைக் கோடுகள்.]

நவம்பர் முதல் வாரம். இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது. மருந்து அடிக்கலாமா?

தூர் கட்டும் பருவத்தில் நூறு இலைக்குப் பத்து இலை சேதமானால் அடிக்கலாம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிருக்கு ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம் போதும். அந்த அளவை எட்டாமல் அடித்தால் காசும் போகும், புழுவைத் தின்னும் சிலந்தியும் குளவியும் போகும்.

[காட்சி: டெப்போ (வேளாண்மை விரிவாக்க மையம்) வாசல். கையில் சிட்டா, அடங்கல் நகலோடு வரிசை.]

இதைச் சொல்ல வேண்டியவர் உதவி வேளாண்மை அலுவலர். ஆனால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. மானியப் பதிவும் மழைச் சேதக் கணக்கெடுப்பும் அதே நாட்களில்தான் வந்து விழும். வயலுக்கு யோசனை தேவைப்படும் வாரம்தான் அவருக்குக் காகித வேலை உச்சத்தில் இருக்கும் வாரம்.

விவசாயி மருந்துக் கடைக்குப் போகிறார். ஒரு பூச்சிமருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, கூடவே ஒரு டானிக். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடை இரவு வரை திறந்திருக்கிறது, கடனுக்கும் கொடுக்கிறது.

[காட்சி: பழைய சைக்கிள், மடித்த நாட்குறிப்பு.]

1970-களில் உலக வங்கி உதவியோடு வந்த பயிற்சி–பார்வையிடல் முறையில், அலுவலர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குறித்த நாளில் ஊருக்கு வருவார். வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பது விதி. அதன் பலம் அந்த விதிதான். எல்லா வயலுக்கும் ஒரே செய்தி என்பது அதன் பலவீனம். 2005-06-ல் வந்த 'ஆத்மா' என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தை மாவட்டமே வகுக்கலாம், வட்டாரத்தில் விவசாயிகள் ஆலோசனைக் குழு உண்டு, செலவில் குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்கு. அந்தப் பலவீனம் நீங்கியது, ஆனால் அலுவலரின் நேரத்தைக் காக்கும் பழைய விதி திரும்பி வரவில்லை.

ஆகவே விவசாயிக்கு யோசனை சொல்லும் அரசுக் கொள்கையில் முதலில் எழுத வேண்டியது நாட்காட்டி. வானிலை சார்ந்த வேளாண் அறிவுரை செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது. ஊர்ப் பார்வை நாள் புதன், சனி என்று வைத்தால் அறிவுரை சூடாகவே வயலுக்குப் போகும். அந்த இரண்டு நாளும் முகாம், கூட்டம், கணினிப் பதிவு எதுவும் கிடையாது என்று ஆணையில் எழுத வேண்டும். காப்பீட்டுப் பதிவுக்குப் பருவம் முடியும்வரை தற்காலிக ஆள் போதும். புழுவை எண்ணத்தான் படித்த ஆள் தேவை.

கடைக்காரரையும் உள்ளே இழுக்கலாம். இடுபொருள் விற்பனையாளர்களுக்கான 'தேசி' பட்டயப் படிப்பு ஓராண்டு. வாரம் ஒரு நாள் வகுப்பு, வயல் பயணமும் உண்டு. படித்தவர் கடையில் சேத அளவுப் பலகை தொங்க வேண்டும், எத்தனை இலை சேதமானால் எந்த மருந்து என்று.

[காட்சி: நடுவில் வரப்பு, இருபுறமும் ஒரே ரகம்.]

புதுமுறையைச் செய்துகாட்டும் செயல்விளக்கத் திடலில்தான் அதிகம் சறுக்குகிறோம். சாலையோரம், பெரிய பண்ணை, எல்லா இடுபொருளும் இலவசம். விளைச்சல் கூடும், அடுத்த வருடம் யாரும் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் இலவசம் அடுத்த வருடம் இல்லை. ஒரு ஏக்கரை எடுங்கள். பாதியில் புதுமுறை, பாதியில் அவருடைய வழக்கம். ஒரே ரகம், ஒரே நாள் நடவு, ஒரே மடைத் தண்ணீர். அறுவடையில் இரு பக்கமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்துத் தூற்றி எடை போடுங்கள். கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். 15 கிலோ என்றால் 2,430. ஓர வரிசையைச் சேர்த்தால் கணக்கு பொய்யாகும். செலவையும் இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். பல நேரம் விளைச்சல் சமமாகவும் செலவு குறைவாகவும் வரும். அதுவும் வெற்றிதான்.

எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற கையெழுத்துத் தாள் எதையும் சொல்லாது. (பிரியாணி நாளில் கையெழுத்து கூடும்.) வந்தவர்களில் பத்துக்கு ஒருவரை முப்பது நாள் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்: எதை மாற்றினீர்கள்? மாற்றவில்லை என்றால் ஏன்? அந்த 'ஏன்' எங்கே போகிறது என்பதையும் எழுதி வையுங்கள். மணிலா (நிலக்கடலை), முந்திரி என்றால் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கு, காய்கறி என்றால் பாலூருக்கு, கரும்பு என்றால் கடலூருக்கு.

[காட்சி: வீராம்பட்டினம் கடற்கரை.]

புதுச்சேரியில் 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் போனது. கடலுக்குப் போகலாமா என்ற ஒரே கேள்விக்கு, போகும் முன்னே பதில். படிக்கத் தெரிந்தவர், போன் உள்ளவர் என்ற பிரிப்பே இல்லை.

வயலில் அந்தப் பிரிப்பு சிட்டாவில் வருகிறது. குத்தகைக்கு உழுபவர் பெயர் பட்டியலில் ஏறுவதில்லை, செய்தியும் போவதில்லை. பட்டாவை விட்டுவிட்டு மதகு வாரியாகப் பெயர் எழுதுங்கள்: இந்த மதகுத் தண்ணீரில் இந்தப் பருவம் யார் பயிர் வைத்திருக்கிறார்கள். பட்டியலை டீக்கடைச் சுவரில் ஒட்டினால், விடுபட்டவர் சாயங்காலத்துக்குள் வந்து கேட்பார்.