இழப்பீட்டுப் பட்டியலில் ஏறாத இழப்பு

அவைத் தலைவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2018 பெப்ரவரி இறுதியில், இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக்குச் சாப்பிட வந்த சிலர், கறியில் கிடந்த மாவுக் கட்டியொன்றைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைக் கலந்தீர்களா என்று காசாளரை வளைத்துக்கொண்டார்கள். சிங்களம் சரளமாக வராத அந்த மனிதர், சுற்றி நின்ற கூட்டத்தின் நடுவே, ஒப்புக்கொள்வதுபோல ஏதோ சொல்லிவிட்டார். அது கைப்பேசியில் பதிவாகிப் பரவியது. அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனயும் தெல்தெனியவும் எரிந்தன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவு என்று தெரியவந்தது. அப்படியொரு மாத்திரையே மருத்துவத்தில் கிடையாது.

எரிந்த கடைகளை எண்ணி இழப்பீடு கணக்கிட்டுவிடலாம். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதனைத் தலையாட்ட வைத்த அச்சத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது? நான் பேச வந்தது அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான்.

இலங்கை முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரம் 2012 முதல் வேகம் பிடித்தபோது, முதலில் குறிவைக்கப்பட்டது ஹலால் முத்திரை. 2013 மார்ச்சில், அமைதி கருதி, உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் அந்த முத்திரையைக் கைவிட, மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா இணங்கியது. விட்டுக்கொடுத்தால் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது. ஓயவில்லை. அபாயா, அடுத்து மக்கள்தொகை என்று பேச்சு நகர்ந்தது. 2014 ஜூனில் அளுத்கமைக் கலவரத்தில் உயிர்கள் போயின. எதை விட்டுக்கொடுத்தாலும் போதாது என்று கண்டுகொண்ட மனம், ஒரு கட்டத்துக்குப் பிறகு, குற்றம் சாட்டுபவனின் கண்ணாலேயே தன்னைப் பார்க்கத் தொடங்குகிறது. தாடியை, பெயரை, பஸ்ஸில் பேசும் மொழியின் ஓசையைக்கூடத் தானே கண்காணிக்கிறது.

2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் முஸ்லிம் தீவிரவாதிகளின் குண்டுகளால் கொல்லப்பட்ட 260-க்கும் மேற்பட்டோரின் துயரத்தை எந்த வாதமும் சிறிதாக்க முடியாது. ஆனால் குண்டுதாரிகளின் தலைவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பது, பழி முழுச் சமூகத்தின் மீதும் விழுந்தபோது எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஹசலகவில் ஒரு பெண், உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பல் சுக்கான் பௌத்தர்களின் தர்மச்சக்கரமாகத் தெரிந்ததால் கைதாகி விளக்கமறியலில் இருந்தார். அதன்பின் அலுமாரியைத் திறந்து ஒரு சட்டையின் பூவேலையைச் சந்தேகத்தோடு பார்க்கும் பெண்ணிடம், பயப்படக் காரணமில்லை என்று எந்த மனநல ஆலோசகர் சொல்வார்? காரணம் இருக்கிறதே! யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்கும் கூட்டு வடுவாகப் பார்க்கச் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

தமிழ் மேடையில் நின்று இதைப் பேசுகிற நான், 1990 ஒக்டோபரை விழுங்கிவிட்டுப் போக முடியாது. வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்து முகாம்களில் 'அகதி' என்ற பெயரோடு வளர்ந்த பிள்ளைகளிடம் நம்மில் எத்தனை பேர் ஒரு வார்த்தை கேட்டோம்?

இனி, ஜனாஸா எரிப்பு, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தது. கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரல் அரச வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டி, கபன் எனும் வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுது, மண்ணில் வைப்பது முஸ்லிம்களுக்குக் கடமை; அதைச் செய்து முடித்தவர்தான் வீடு திரும்பி ஆறுதலாக அழ முடியும். கடமை பறிபோனவரின் துக்கத்தோடு, வாப்பாவைக் காப்பாற்றாமல் விட்டோமே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. அஞ்சியவர்கள் காய்ச்சலை மறைத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள். பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையும், பெற்றோர் சம்மதிக்காத நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது.

செய்தி பரவியதும், கொழும்பின் பொரளை கனத்தை மயான வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கபன் துணியின் நினைவாக, விரலகல நாடாக்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. மறுபடியும் கட்டினார்கள். கட்டியவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் 'உன்னை யாரும் நம்பமாட்டார்கள்' என்று ஏழெட்டு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு, அந்த வேலிதான் முதல் மறுமொழி.

2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. ஆனாலும் அடக்கத்துக்குக் கிடைத்த இடம் கிழக்கே ஓட்டமாவடி; கொழும்பில் இறந்தவரையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு, வியாழன் பின்னேரம் போய் நின்று துஆக் கேட்க ஒரு கபுறு, ஒரு புதைகுழி, இன்னும் இல்லை.