நோன்பு மாதத்தில் அரபிப் படிப்பு

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபி படிக்க வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "படிப்புக்கு நடுவில் ரமளான் வருகிறதே, பெருநாள் முடிந்து போகலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் ரமளான் நடுவில் வருகிற மாதிரி பார்த்தே போங்கள்.

நான் சொல்வது வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு அல்ல. எழுந்தது முதல் படுக்கும்வரை அரபியைத் தவிர வேறு பேச்சே கூடாது என்கிற படிப்பு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி இதற்குப் பேர்போனது. அங்கே கோடைகால மொழிப் பள்ளி 1915-ல் ஜெர்மன் மொழியோடு தொடங்கியது, அரபி பல காலம் கழித்துத்தான் சேர்ந்தது. சேரும்போதே வேறு மொழி பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் அதே சட்டம்தான்.

இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமளான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. 2015-ல் அது ஜூன் 18 அன்று தொடங்கியது. அந்தக் கோடையில் வெர்மான்டில் ஒரு நோன்பு 17 மணி நேரத்தைத் தாண்டியது. எட்டரைக்கு மேல் நோன்பு திறந்து, தராவீஹ் என்னும் ரமளான் இரவுத் தொழுகையை முடித்தால் நள்ளிரவு ஆகிவிடும். மூன்று மணிவாக்கில் சஹர், அதாவது விடியலுக்கு முந்திய சாப்பாடு. அப்புறம் காலையில் வகுப்பு. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரமளான் இப்போது குளிர்காலப் பக்கம் வந்துவிட்டது. கோடைப் படிப்பும் நோன்பும் மறுபடி சந்திப்பது 2040-களில்தான். இன்றைக்கு நோன்பு குறுக்கிடுவது கெய்ரோ, அம்மான், ரபாத் போன்ற ஊர்களின் செமஸ்டர் படிப்புகளில். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெய்ரோவில் நோன்பு 13 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

பசி பெரிய தடை என்று பலர் நினைக்கிறார்கள். பசியை இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். மாணவனைப் படுத்துவது வறண்ட தொண்டை. அரபியின் ஐன், ஹா, காஃப் எல்லாம் தொண்டையிலும் அடிநாக்கிலும் பிறக்கிற எழுத்துகள். பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் இல்லாமல் அவற்றைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதனால் உச்சரிப்புப் பயிற்சியைக் காலை முதல் மணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள். மதியத்துக்கு வாசிப்பையும் எழுத்தையும் வையுங்கள்.

வகுப்பு நேரம் குறையும் என்பது உண்மை. அரபு நாடுகளில் ரமளானில் அலுவலகமும் பள்ளியும் சீக்கிரம் முடியும், மொழி நிலையங்களும் அப்படியே. பகல் குறைந்த அளவுக்கு இரவு நீளும். பேச்சு மொழி கிடைப்பது அந்த இரவில்தான்.

கெய்ரோவை எடுத்துக்கொள்வோம். மஃக்ரிப், அதாவது சூரியன் மறையும் நேரம் நெருங்கும்போது தெருவோரம் நீள மேசைகள் போட்டு, யார் வந்தாலும் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். மாயிதத்துர் ரஹ்மான் என்பார்கள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர், எதிரே ஒரு மாணவர். ஒரு எச்சரிக்கை: பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) முந்திய பத்து நிமிடம் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள், நல்ல பதில் வராது. பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே போகட்டும். அப்புறம் ஊர், பெயர், கல்யாணம் ஆயிற்றா, எதற்கு அரபி படிக்கிறாய் என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். நீங்கள் தப்பாகப் பேசினாலும் திருத்திக்கொண்டே இன்னொரு தட்டு நகர்த்துவார்கள். எந்த வகுப்பில் இந்தப் பொறுமை கிடைக்கும்?

அதே இரவில் இன்னொன்றும் நடக்கிறது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அரபி படிப்பவர்களின் பெரிய தலைவலி, எழுத்து மொழியான ஃபுஸ்ஹாவும் தெருப்பேச்சான ஆம்மிய்யாவும் தனித்தனியாக நிற்பது. ஒன்றைப் படித்தால் மற்றது புரியாது. ரமளான் இரவில் இரண்டும் அடுத்தடுத்து வரும். இஃப்தார் (நோன்பு திறக்கும் சாப்பாடு) முடிந்ததும் வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடும். பல தொடர்கள் 30 பகுதி, இரவுக்கு ஒன்று, எகிப்திய ஆம்மிய்யாவில். ஒரே ஒரு தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மறுநாள் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். பிறகு தராவீஹ். பல பள்ளிவாசல்களில் இரவுக்கு ஏறக்குறைய ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கு) என்று மாதத்துக்குள் குர்ஆனை ஓதி முடிப்பார்கள். அன்றிரவு வரப்போகும் ஜுஸ்வைப் பகலில் ஒரு முறை வாசித்துவிட்டுப் போங்கள். சின்ன வயதிலிருந்து பொருள் தெரியாமல் ஓதி வந்தவர்களுக்கு இது தனி அனுபவம். காலை வகுப்பில் செயப்பாட்டு வினை நடத்தியிருப்பார்கள். குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் ஓதும் இரவில், நோன்பு கடமையாக்கப்பட்டதைச் சொல்லும் வசனத்தில் 'குதிப' (விதிக்கப்பட்டது) என்று அதே வினை காதில் விழும். அன்றைக்கு அந்த இலக்கணம் மறக்காது.

சஹர் நேரத்தில் சில தெருக்களில் இன்றும் மிஸஹ்ஹராத்தி, சஹருக்கு எழுப்புகிறவர், தப்பட்டை தட்டி வருவார். "இஸ்ஹா யா நாயிம்", தூங்குகிறவனே எழுந்திரு என்று. ஏவல் வினைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னால் நோற்கும் சலுகை உண்டல்லவா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஒரே ஊரில் போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக 4 நாள் தங்க நினைத்தாலே ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பயணி இல்லை, ஹனஃபியில் அது 15 நாள். இரண்டின்படியும் செமஸ்டர் மாணவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. நீரிழிவு மாதிரி ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். நோன்பில்லாதவர்களும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். ஜோர்டானில் ரமளான் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது சட்டப்படி குற்றம். அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கடைசியாக, கட்டணம் கட்டும் முன் நிலையத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ரமளானில் குறையும் வகுப்பு நேரத்தைப் பின்னால் ஈடுகட்டுவீர்களா? இறுதித் தேர்வு எப்போது? கடைசிப் பத்து இரவில் வகுப்பில் பாதிப் பேர் பள்ளிவாசலில்தான் இருப்பார்கள். அந்த வாரத்தில் தேர்வு என்றால் தேதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அரபியிலேயே கேளுங்கள். சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.